நீங்கள் திருடியிருக்க வேண்டும், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம் என்று எழுதித் தொடங்குவது முறை, எழுதிவிட்டேன். உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'நம்புகிறேன்' என்ற சொல்லை நான் எழுதுவது அபூர்வம் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.

இதை ஏன் காகிதத்தில் எழுத வேண்டும், மின்னஞ்சல் இல்லையா என்று கேட்பீர்கள். என் மின்னஞ்சலை அமைத்துக் கொடுத்தவர் நீங்கள். அதனால்தான். போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் கேட்டால் "இல்லையே மாமா" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவீர்கள். காகிதம் என்றால் முழுக்கப் படித்தாக வேண்டும், படித்து முடிப்பதற்குள் ஒரு மனிதனுக்கு மனசாட்சி வேலை செய்யக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

விஷயம், உங்கள் சிபாரிசின் பேரில் நான் வாங்கிய அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றியது. அலுவலகக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னீர்களே, அந்த நெட்வொர்க் ஸ்டோரேஜ். நான் முப்பது ஆண்டுகளாக நிலம் அளப்பவன். என் தொழிலில், ஒருவர் "எங்க எல்லை இதோ இங்கதான் சார்" என்று கைகாட்டிய இடத்தில் எல்லை இருந்ததை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கைகாட்டுகிறவர் நல்லவராக இருந்தால் ஒரு அடி தள்ளியிருக்கும். பக்தியாகப் பேசுகிறவராக இருந்தால் மூன்று அடி. இந்தப் பின்னணியில்தான் உங்கள் பெட்டியையும் உங்களையும் நான் அணுகினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனவருத்தம் வேண்டாம்.

என் பழைய கூட்டாளியைப் பற்றி உங்களுக்கு என் மகள் சொல்லியிருப்பாள். சொல்லாமல் விட்டிருந்தால் அது அவளுடைய தவறு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவில் எங்கள் அலுவலகம் மொத்தத்தையும் நகல் எடுத்துக்கொண்டு போய், திங்கட்கிழமை எதிர்ச்சாரியில் கடை திறந்தான். பெயர்ப்பலகையின் எழுத்துகூட நம் எழுத்து. அன்று முதல் என் அலுவலகத்தில் ஒரே சட்டம்தான்: ஒரு வேலைக்கு ஒரு அசல், நகல் கிடையாது. நகல் என்பது திருட்டுப் போவதற்காகவே எடுக்கப்படுவது. இந்தச் சட்டத்தை எங்கள் வரைவாளர் உடனே ஏற்றுக்கொண்டார். அவர் எதைச் சொன்னாலும் "ஆமா சார்" என்பவர், அதனால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. உங்கள் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்துக்குள் நீங்கள் வந்தீர்கள். திருமணம் முடிந்து முதல்முறை வந்த அன்றே, உட்காரச் சொல்வதற்கு முன்பே, செருப்புப் பெட்டிக்குள் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த ஏழு ஹார்டு டிஸ்க்குகளையும் எட்டிப் பார்த்து, "மாமா, இதுல ஒண்ணு போச்சுன்னா?" என்றீர்கள். "இதுவரைக்கும் எதுவும் போனதில்ல" என்றேன். "அதுக்குத்தான் மாமா பயப்படணும்" என்றீர்கள். ஆமாசார் உடனே "ஆமா சார்" என்றார். என்னிடம் சம்பளம் வாங்கும் மனிதர் என் எதிரிலேயே கட்சி மாறியதற்கு நீங்கள்தான் காரணம்.

அது போகட்டும். சோபா விஷயத்தை நான் எடுக்கவில்லை. உங்கள் புதுவீட்டு வாசலை நான் அளந்து, உங்கள் சோபா உள்ளே போகாது என்று சொன்ன பிறகு, நீங்கள் உள்ளே போய் ஒரு டேப்பை எடுத்து வந்து மறுபடி அளந்தீர்கள். முப்பது ஆண்டுகள் தொழில் செய்தவன் அளந்த வாசலை, அவன் கண்ணெதிரே! அதைவிடப் பெரிய வருத்தம், உங்கள் அளவும் என் அளவும் ஒரு மில்லிமீட்டர் மாறாமல் ஒன்றாக வந்தது. எங்கள் தொழிலில் இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் சிறு வித்தியாசமாவது வந்தே தீரும். அச்சு அசலாக ஒத்துப்போனால் ஒருவன் அளக்கவேயில்லை, பக்கத்திலிருப்பவன் தாளைப் பார்த்து எழுதிவிட்டான் என்று பொருள். அன்றே உங்களைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் நான் சொன்னபடி, அந்த விஷயத்தை எடுக்கவில்லை.

பெட்டி வாங்கக் கடைக்குப் போனேன். நீங்கள் அனுப்பிய பட்டியலை அந்த விற்பனையாளரிடம் காட்டாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன், அவர் சொல்வதும் நீங்கள் எழுதியதும் ஒத்துப்போனால் உங்களுக்குள் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா. ஒத்துப்போயிற்று. "ரெண்டு டிஸ்க் போடுற பெட்டியே உங்களுக்குப் போதும் சார். பின்னாடி ஆபீஸ் வளரும்னா நாலு டிஸ்க் பெட்டி பாக்கலாம்" என்றார். "என் ஆபீஸ் வளராது, நான் அதைப் பாத்துக்கிறேன்" என்றேன். "இல்லேன்னா பெட்டியே வேணாம் சார், எல்லாத்தையும் மேல கிளவுட்ல வச்சுக்கலாம்" என்றார். "மேலன்னா எங்க?" "அவங்க சர்வர்ல சார்." "அதாவது, முன்னப்பின்ன தெரியாத எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல." அவர் கொஞ்சம் யோசித்து, "அப்படியும் சொல்லலாம் சார்" என்றார். நேர்மையான பதில். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் பெட்டியை வாங்கினேன்.

உங்கள் பட்டியலில் ஒரு வரி மட்டும் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இரண்டு டிஸ்க்கையும் ஒரே சமயத்தில் தயாரானதாக வாங்காதீர்கள், ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது உங்களுக்கும் எனக்கும் ஏதோ ரத்த உறவு இருப்பது போலவே தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

பிறகு நீங்களே நேரில் வந்து பெட்டியை அமைத்துக் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. என் செருப்புப் பெட்டியிலிருந்த ஏழு டிஸ்க்கிலும் இருந்தவற்றை அதற்குள் ஏற்றினீர்கள். ஒரு டிஸ்க்கில் எழுதுவதை இன்னொன்றும் அப்படியே எழுதிக்கொள்ளும், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும் என்றீர்கள். அதற்குப் பிறகு ஏதோ ஒன்றை மூன்று முறை சொன்னீர்கள். மூன்று முறை சொல்லப்படுவது எதையும் நான் காதில் வாங்குவதில்லை, மனை விற்பவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். நீங்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் கம்ப்யூட்டரில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எனக்குப் புரியாத வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அழித்த கோப்பை முப்பது நாள் தனியாக எடுத்து வைத்திருக்குமாம் ஒரு வசதி. நான் அழித்ததை ஒளித்து வைத்திருக்க இது யார்? நிறுத்தினேன். நாள்தோறும் கோப்புகளின் நிலையைப் பதிவு செய்து, வேண்டும்போது பழைய நிலைக்குத் திருப்புமாம் இன்னொன்று. என் நிலையை எவனும் பதிவு செய்ய வேண்டாம் என்று அதையும் நிறுத்தினேன். கடைசியாக, சட்டம் சட்டம்தான் என்பதால், பழைய ஏழு டிஸ்க்கையும் வராந்தாவில் வரிசையாகப் படுக்கவைத்து, ட்ரில்லிங் மெஷினால் ஆளுக்கு மூன்று ஓட்டை போட்டேன். ஆமாசார் பிடித்துக்கொண்டார். "இதுதான் சார் சேஃப்டி" என்றார்.

இப்போது பேக்கரிக்காரம்மாவிடம் வருகிறேன். கூட்டாளி போன பிறகு, ஊரே எதிர்ச்சாரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், என் படியேறி வேலை கொடுத்த ஒரே ஆள் அவர்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் மனையை அளந்தேன். அளவைக் காட்டி, "வேணும்னா வேற ஆளை வச்சுச் சரிபாத்துக்கங்கம்மா" என்றேன். "நீங்க அளந்தாச்சுல்ல சார், அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்?" என்றார். (சோபாவை நான் எடுக்கவில்லை.) அவருடைய அடுப்பறைக்குப் பின்னால் நாலடி அகலச் சந்து ஒன்று இருக்கிறது. மாவு மூட்டை வருவதும், சூட்டில் நிற்கும் ஆட்கள் மூச்சு வாங்க வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். பக்கத்து மனைக்காரர் டைல்ஸ் வியாபாரி. கிடங்கை நீட்டிக் கட்டி, எல்லைக்கல் இரண்டையும் கான்கிரீட்டுக்கு அடியில் புதைத்துவிட்டு, சந்து என்னுடையது, பின்கதவை மூடு என்று வழக்குப் போட்டிருக்கிறார். கிடங்கு எழும்புவதற்கு முன் அந்தக் கற்களை அளந்தவன் நான் ஒருவன்தான். அந்த ஆண்டின் அளவைப் புத்தகம் மழையில் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டது. அந்த அம்மாவிடம் கொடுத்த அச்சுப் பிரதியோ ரொட்டித் தட்டுக்கு அடியில் கிடந்து எண்ணெய் குடித்து, எண் ஏது கோடு ஏது என்று தெரியாமல் இருக்கிறது. ஆகவே அந்தச் சந்து இப்போது பூமியில் இல்லை, என் கோப்பில்தான் இருக்கிறது. வரும் புதன்கிழமை விசாரணை. டைல்ஸ்காரர் பக்கம் அளந்து கொடுத்திருப்பவன் யார் என்று உங்களால் ஊகிக்க முடியும். எதிர்ச்சாரிதான்.

இந்த நிலையில் போன திங்கட்கிழமை பெட்டியைச் சோதித்துப் பார்த்தேன். புதன்கிழமை காலையில் காலை வாரிவிடுமா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா? முதலில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை வெளியே உருவினேன். பெட்டி தேள் கொட்டியது போல் கத்தியது, ஆனால் கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. திரும்பச் செருகினேன், சில மணி நேரத்தில் அடங்கிவிட்டது. யாராக இருந்தாலும் இதோடு திருப்தியடைந்திருப்பார்கள். எனக்குள் வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரு புள்ளி மாறாமல் ஒன்றே இருக்கிறது என்கிறார்களே, இது உங்கள் டேப் விவகாரம் போல் அல்லவா இருக்கிறது? இரண்டும் தனித்தனிச் சாட்சியா, அல்லது ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதும் கூட்டுக் களவாணிகளா? ஒருவனைக் கலைத்துப் பார்த்தால்தான் மற்றவன் யோக்கியதை தெரியும். ஆகவே ஒரு கோப்புறையை அழித்துப் பார்த்தேன். உருப்படியான சாட்சியாக இருந்தால் இரண்டாவது டிஸ்க் எழுந்து, "இல்லை, என்னிடம் இருக்கிறது" என்று சொல்லும் என்று எதிர்பார்த்தேன். உப்புச்சப்பில்லாத கோப்பை வைத்துச் சோதித்தால் அதற்கு அக்கறை இருக்காது என்பதால், பேக்கரிக்காரம்மாவின் கோப்புறையையே அழித்தேன்.

இரண்டாவது டிஸ்க் எழுந்திருக்கவில்லை. அதுவும் அழித்துவிட்டு, சமர்த்தாகப் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கடைக்கு ஓடினேன். "சார், ரெண்டு டிஸ்க் இருக்கிறது டிஸ்க் பழுதானா காப்பாத்தத்தான். நீங்களே அழிச்சா ரெண்டுலயும்தான் போகும். பேக்கப் தனியா வேற இடத்துல வைக்கணும் சார்" என்றார் விற்பனையாளர். "இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினேன். "பெட்டிய மாட்ட வந்தப்ப கேபிள் வாங்க இங்க வந்த உங்க மாப்பிள்ளை, உங்ககிட்ட சொன்னேன்னு சொன்னாரே சார். மூணு தடவை." அழித்ததை மீட்கிற நிபுணர் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, அந்த இடத்தின் மேல் புதிதாக என்னவோ எழுதியாகிவிட்டது, ஒன்றும் தேறாது என்று கையை விரித்துவிட்டார். பழைய டிஸ்க் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். கொண்டுபோனேன். ஓட்டைகளின் வழியாக வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "யார் சார் உங்களுக்கு இவ்வளவு பெரிய எதிரி?" என்றார்.

செவ்வாய்க்கிழமை பேக்கரிக்காரம்மா வந்திருந்தார். "எல்லாம் ரெடிதானே சார்?" என்றார். "ரெடிம்மா" என்றேன். "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா தூங்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை, முப்பது ஆண்டுகளில் நான் ஒரு கல்லைக்கூட இடம் மாற்றிச் சொன்னதில்லை. அன்று அந்த ஒரு வார்த்தையில் நாலடி தள்ளிச் சொல்லிவிட்டேன். மூன்று நாளாகச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. உங்கள் மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்டால் வயிறு சரியில்லை என்கிறேன்.

இனி கடிதத்தின் முக்கியப் பகுதி. பெட்டி வந்த நாளிலிருந்து அதன் விளக்கை நான் கண்காணித்து வருகிறேன். வேலை நடக்கும்போது விளக்கு துடிக்கும், வேலை இல்லையென்றால் சும்மா இருக்கும். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியம் இரண்டரை மணிக்கு, ஆமாசார் சாப்பிட வீட்டுக்குப் போன பிறகு, விளக்கு முக்கால் மணி நேரம் விடாமல் துடிக்கிறது. ஐந்து வெள்ளிக்கிழமைகளின் நேரமும் என் இந்த ஆண்டு அளவைப் புத்தகத்தில் நிமிடக் கணக்கோடு இருக்கிறது. யாரோ உள்ளிருந்து எதையோ எடுக்கிறார்கள். அலுவலகம் வீட்டு முன்னறைதான், அந்த நேரத்தில் வீட்டில் நானும் உங்கள் மாமியாரும் மட்டும்தான். அவர் பின்னறையில் தன் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருப்பார். பெட்டியின் பாஸ்வேர்டு உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் கண்ணாடி தேடும் நேரத்தில் அதை எனக்காகத் தட்டிக் கொடுப்பவர் அவர்தான் என்றாலும், அவருக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை. ஆக மிஞ்சுவது நீங்கள். உங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு, இன்டர்நெட் வழியாக, வாரம் தவறாமல் என் அலுவலகத்தை நகல் எடுத்திருக்கிறீர்கள்.

இதைச் சொல்லி உங்களைச் சந்தி சிரிக்க வைப்பதற்காகத்தான் அந்தக் குறிப்புகளை எடுத்தேன். என் மகளைக் கூப்பிட்டு, சம்பந்தியைக் கூப்பிட்டு, புத்தகத்தை நடுவில் வைத்துப் பேசுவதாக இருந்தேன். இப்போது அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எழுதியது சரியாக இருக்க வேண்டுமே என்று தவிக்கிறேன். உங்களை நான் எத்தனையோ விஷயங்களில் சந்தேகப்பட்டேன், ஒன்றுகூட நிரூபணமாகவில்லை. இந்த ஒருமுறையாவது நீங்கள் திருடியிருக்க வேண்டும், மாப்பிள்ளை. திருடியிருந்தால், போன வெள்ளிக்கிழமை எடுத்த நகலில் பேக்கரிக்காரம்மாவின் கோப்புறை இருக்கும். அதை அனுப்பிவையுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கமாட்டேன்.

அனுப்பினால் என் தரப்பில் பின்வருவனவற்றுக்குச் சம்மதம்: சோபா விஷயத்தை இனி எடுப்பதில்லை, இதுவரையும் எடுத்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். பெட்டியின் முழு நிர்வாகமும் உங்கள் பெயருக்கே போகும். நிறுத்திய வசதிகளையெல்லாம் உங்கள் இஷ்டப்படி ஓடவிடலாம். ஆமாசார் உங்களுக்கும் ஆமாம் போடலாம், தடுக்கமாட்டேன். அடுத்த முறை நீங்கள் வரும்போது, என் மகள் முன்னிலையில், "இந்த விஷயத்துல மாப்பிள்ளை சொன்னதுதான் சரி" என்று என் வாயால் ஒருமுறை சொல்வேன். மூன்று முறை சொல்லமாட்டேன்.

என் மகளுக்கு என் அன்பும் ஆசியும். வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கங்கள். உங்களுக்கும் ஆசி உண்டு. அது எவ்வளவு என்பது தங்கள் பதில் கண்டபின் தெரிவிக்கப்படும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் (நாடியே ஆக வேண்டிய நிலையிலிருக்கும்)
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதுவும் செல்லாது. கவரில் போடும் முன் உங்கள் வீட்டு எண்ணைச் சரிபார்க்க உங்கள் மாமியாரிடம் காட்டினேன். எண்ணை மட்டும் பார்க்கச் சொன்னால் ஆறு பக்கத்தையும் படித்துவிட்டு, எழுந்து உள்ளே போய், தலையணை உறை ஒன்றில் சுற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதுல இருக்கும், பாருங்க" என்றார். இருந்தது. கல் இரண்டும், சந்து நாலடியும், ஒரு எண் குறையாமல். "இது எப்போலேருந்து நடக்குது?" என்றேன். "உங்க கூட்டாளி போனதுலேருந்து, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. நகலே கூடாதுன்னு நீங்க சட்டம் போட்ட அன்னைக்கே, அது என் வேலைன்னு தெரிஞ்சுபோச்சு." "பதினோரு வருஷமா! மூணு நாளா நான் சாப்பிடாம கெடந்தேனே, சொல்றதுக்கு என்ன?" "அழிச்சுட்டேன்னு என்கிட்ட எங்க சொன்னீங்க? வயித்து வலின்னீங்க, கஷாயம் வச்சுக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்குத்தான் ஆறு பக்கம் எழுதியிருக்கீங்க."

ஆகவே நீங்கள் திருடவில்லை என்பது உறுதியாகிவிட்டது. திருடாத காரணத்தால் மேற்படிச் சலுகைகள் எதற்கும் உங்களுக்கு உரிமை இல்லை. நிர்வாகம் என்னிடமே இருக்கும். சோபா பழையபடி நிலுவையில் இருக்கிறது.

விஷயம் முடிந்த பிறகு இந்தக் கடிதம் எதற்கு, கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். "தாராளமா கிழிங்க, ஆறு பக்கத்தையும் போன்ல படம் எடுத்துட்டேன்" என்கிறார் உங்கள் மாமியார். எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டால் சிரிக்கிறார். அவரிடம் மட்டும் ஒன்று இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அசலை உங்களுக்கே அனுப்புகிறேன், பத்திரமாக வைத்திருங்கள். நீங்களும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.